அறம் புறவயமானதா, அகவயமானதா? தோள்சீலைப் போராட்டத்தை முன்வைத்து ஒரு கேள்வி

பனைநிழல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குடிமைப்பணி முதன்மைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2013 முதல் அதில் பொது அறிவின் நான்காம் தாளாக அறவியல் இடம்பெற்றிருப்பது இங்கே பலருக்கும் தெரிந்திருக்கும். அந்தத் தாளுக்கான என் பயிற்சிக் குறிப்பில், அறம் என்பது காலத்துக்கும் சமூகத்துக்கும் ஏற்ப மாறுவது, ஆகவே எல்லோருக்கும் பொதுவான அறம் என்று ஒன்று கிடையாது என எழுதியிருக்கிறது. படித்தவுடன் சரி என்றே பட்டது. ஒரு வீட்டில் மாட்டிறைச்சி பாவம், அடுத்த வீட்டில் அது ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு. நம்மில் பல சாதிகளில் அக்காள் மகளைக் கட்டுவது தாய்மாமனின் உரிமை. வடக்கே பல இடங்களில் அதை வாயால் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது பொதுவான அறம் எங்கே இருக்கிறது?

ஆனால் நான் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரன். தோள்சீலைப் போராட்டத்தின் கதையைக் கேட்டு வளர்ந்தவன். சாணார் என்று அன்று அழைக்கப்பட்ட நாடார் குலப் பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது என்று 1829-இல் திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது. மேற்கண்ட குறிப்பு சரியென்றால், அந்த ஆணைதான் அந்த இடத்துக்கும் காலத்துக்கும் உரிய அறம் என்றும், அதை மீறிச் சீலை போட்டவர்கள் தங்கள் காலத்து அறத்தை மீறியவர்கள் என்றும், 1859 ஜூலையில் ஆணை மாறியவுடன் அதே செயல் அறமாகிவிட்டது என்றும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அதே வேளையில், ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணம் அந்தப் பெண்கள் என் பாட்டிமார் என்பது மட்டும்தானோ என்ற ஐயமும் எழுகிறது. அப்படியானால் என் மறுப்பும் அகவயமானதுதானே, அதாவது பார்ப்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததுதானே? விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

திண்ணைவாசி எழுதியது:

தம்பி, அந்த ஒரு வரியில் இரண்டு கூற்றுகள் ஒட்டிக்கிடக்கின்றன. மக்களின் அறநம்பிக்கைகள் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன என்பது ஒன்று. அதை மறுப்பார் யாருமில்லை. ஆகவே அந்த நம்பிக்கைகளில் எதுவும் தவறாக இருக்க வாய்ப்பில்லை என்பது மற்றொன்று. முதலாவதைச் சொன்னதாலேயே இரண்டாவது நிறுவப்பட்டுவிடாது. பெரியம்மை அம்மனின் சீற்றம் என்று ஒரு சாராரும் தொற்றுக்கிருமியால் வருவது என்று வேறொரு சாராரும் நம்பினார்கள் என்பதற்காக, பெரியம்மைக்குக் காரணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று நாம் முடிவு கட்டுவதில்லை.

அடுத்து, 'அந்தச் சமூகத்தின் அறம்' என்னும்போது அந்தச் சமூகத்தில் யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று கேளுங்கள். சீலை போட்ட பெண்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள் அல்லர். அவர்களும் அதே திருவிதாங்கூரின் குடிகள். அதே வயல்வரப்பில் நடந்து, அதே அரசுக்குத் தலைவரி கட்டியவர்களின் வீட்டார். ஆணை பிறப்பித்தவரின் கருத்து சமூகத்தின் அறம் என்றும், அடி வாங்கியவரின் கருத்து அதை மீறிய குற்றம் என்றும் பிரித்தால், நாம் சமூகத்தின் அறத்தைக் கண்டறிந்தவர்கள் ஆகமாட்டோம். கோல் யார் கையில் இருந்தது என்பதைத்தான் கண்டறிந்திருப்போம். சமூகத்துக்குச் சமூகம் அறம் மாறும் என்ற வாதம் பார்வைக்குத் தாராளமானதாகத் தெரிந்தாலும், ஒவ்வொரு சமூகத்துக்குள்ளும் அது வலியவன் பக்கமே சாய்கிறது என்பது என் நெடுநாள் மனக்குறை.

இனி நீங்கள் சொன்ன போராட்டத்துக்கே வருகிறேன், ஏனென்றால் வழக்கம் எது, அறம் எது என்பதைப் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. அன்றைய மலையாள நாட்டில் மார்பை மூடாதிருப்பது தன்னளவில் வெட்கக்கேடாகக் கருதப்படவில்லை. நாயர் பெண்கள் நம்பூதிரிகளின் முன்னும் கோயிலிலும் மேற்சீலையை எடுத்துவிடுவது மரியாதை. இன்றும் திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் செல்கிறார்கள். மாவட்ட ஆட்சியரும் கழற்றுகிறார், அவருடைய காரோட்டியும் கழற்றுகிறார், இருவரில் யாரும் அவமானப்படுவதில்லை. ஆகவே 'உடலை மூடுவதே அறம்' என்பதை எல்லாக் காலத்துக்கும் பொதுவான விதியாக யாராவது சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அது வழக்கம். உங்கள் மாட்டிறைச்சியையும் மாமன் உரிமையையும் பெருமளவுக்கு அந்தக் கணக்கில்தான் வைப்பேன், அந்த உரிமையின் பேரில் விருப்பமில்லாத பெண்ணைக் கட்டிவைக்கும் இடம் தவிர.

ஆனால் ஒரு பிறப்பினர் தம் தாழ்வைத் தம் உடம்பிலேயே நாள்தோறும் காட்டிக்கொண்டு இன்னொரு பிறப்பினர் முன் நிற்க வேண்டும், மறுத்தால் அடி விழும் என்ற ஏற்பாடு இருக்கிறதே, அதன் தவறு துணியைச் சார்ந்ததே அன்று. நாளை துணிக்குப் பதிலாகச் செருப்போ குடையோ வந்தாலும் அந்தத் தவறு அப்படியே இருக்கும். ஒரு விதியின் சுமையைத் தாங்குபவரிடம் அவருடைய பிறப்பையும் நம் கைத்தடியையும் காரணமாகக் காட்டாமல் அந்த விதியை நியாயப்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். 1829-இன் ஆணை இந்தச் சோதனையில் தேறாது. அன்று வைத்துப் பார்த்திருந்தாலும் தேறியிராது. அது உங்கள் பாட்டிமார் யார் என்பதைப் பொறுத்ததில்லை. புறவயம் என்று நான் சொல்வது இந்த அளவைத்தான். வானத்தில் பொறித்துவைத்த சட்டப்புத்தகம் எதையும் அன்று.

எதிர்வழக்கு எழுதியது:

திண்ணைவாசி ஐயாவின் பதிலை மதித்துப் படித்தேன். எனினும் அதன் அடித்தளத்தில் ஓட்டை இருக்கிறது. பெரியம்மையை எடுத்துக்காட்டினீர்கள். கிருமியைக் கருவியின் கீழ் வைத்துக் காட்டலாம். அம்மன் சீற்றம் என்று நம்புகிறவரையும் அழைத்துக் காட்டலாம். ஒரு செயலின் தவறை எந்தக் கருவியின் கீழ் வைத்துக் காட்டுவீர்கள்? மெய்யியலாளர் ஜே. எல். மாக்கி 1977-இல் எழுப்பிய வினாவின் சாரம் இதுதான்: உலகத்தில் உள்ள மற்ற எந்தப் பொருளையும் போலில்லாமல், இருப்பதோடு நின்றுவிடாது நம்மைப் பார்த்து 'இதைச் செய்', 'இதைச் செய்யாதே' என்று கட்டளையும் இடுகிற ஒரு விசித்திரப் பண்பு செயல்களுக்குள் இருக்கிறது என்றால், அது என்ன, அதை எந்தப் புலனால் அறிகிறோம்? அவருக்கு இரண்டரை நூற்றாண்டு முன்பே, எத்தனை 'இருக்கிறது'களைக் கூட்டினாலும் ஒரு 'வேண்டும்' பிறக்காது என்று மெய்யியலாளர் டேவிட் ஹியூம் சுட்டிவிட்டார். விதியைத் தாங்குபவரிடம் நியாயப்படுத்த முடிய வேண்டும் என்கிறீர்கள். ஏன் முடிய வேண்டும்? அதுவும் ஒரு விழுமியம்; எனக்கும் பிடித்த விழுமியம்; நம் இருவருக்கும் பிடித்திருப்பதால் மட்டும் அது புறவயமாகிவிடாது.

வரலாற்றையும் கொஞ்சம் தூசி தட்டிப் பார்ப்போம். 1859-இன் மாற்றம் எப்படி வந்தது? லண்டன் மிஷன் என்ற கிறித்தவ சமய அமைப்பு நாகர்கோவிலில் பள்ளிகள் நடத்தியது. மிஷனரிகளின் மனைவியர் பின்னல் கற்றுக்கொடுத்ததால் பெண்கள் கையில் முதன்முறையாகக் காசு புரண்டது. சபையில் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்ற சட்டை போன்ற மேலாடையை அணிந்துகொள்ள அதற்கு முன்பே அனுமதி கிடைத்திருந்தது. 1858 கடைசியில் தொடங்கிய கலவரத்தில் கடைத்தெருவில் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன, வீடுகளும் தேவாலயங்களும் எரிந்தன. அதன் பிறகு சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கியதால்தான் திவான் மாதவராவும் மகாராஜாவும் இறங்கிவந்தார்கள். பணம், கல்வி, ஆங்கிலேய அதிகாரம் ஆகிய மூன்றையும் வைத்தே நடந்ததனைத்தையும் விளக்கிவிட முடிகிறபோது, 'அறவுண்மை' என்ற நான்காவது பொருளுக்கு இங்கே என்ன வேலை? போதாததற்கு, மேலாடை இல்லாத பெண்ணைப் பார்த்துக் கூசியது பெரும்பாலும் மிஷனரிகளின் விக்டோரியா காலத்துக் கூச்சம். அதையும் புறவயமான அறத்தின் கணக்கில் வரவு வைக்கப்போகிறீர்களா?

ஓர் எச்சரிக்கையும் உண்டு. எங்கள் அறமே உலக அறம் என்று கிளம்பியவர்கள்தான் ஊர் ஊராகக் கொடி நட்டார்கள். 1947-இல் ஐக்கிய நாடுகள் அவை மனித உரிமைப் பிரகடனத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது, மேற்குலகின் விழுமியங்களை எல்லோர் தலையிலும் கட்டிவிடாதீர்கள் என்று அமெரிக்க மானுடவியல் சங்கம் அறிக்கை அனுப்பியது. அந்த அச்சம் வீணானதன்று. 1829-இன் ஆணையை நானும் வெறுக்கிறேன், பனைநிழல். நீங்களும் வெறுங்கள், அதை எதிர்த்துப் போராடுங்கள். அதற்குப் பிரபஞ்சத்தின் கையொப்பம் தேவையில்லை.

கயல் எழுதியது:

இருவரும் ஆழமாகப் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் சிறிதளவு குறுக்கிடுகிறேன். புறவயம் என்றால் விதிவிலக்கே இல்லாதது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பனைநிழலின் பயிற்சிக் குறிப்பும் அந்தக் குழப்பத்தில்தான் பிறந்திருக்கும் என்று நினைக்கிறேன். நண்பனைக் கொல்ல வந்தவன் வாசலில் நின்று அவன் வீட்டுக்குள் இருக்கிறானா என்று கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது என்று 1797-இல் ஜெர்மானிய மெய்யியலாளர் இம்மானுவேல் காண்ட் எழுதினார். நம் வள்ளுவரோ, "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று சொல்லிவிட்டார். இதை வைத்துக்கொண்டு காண்ட் புறவயவாதி, வள்ளுவர் அகவயவாதி என்று எழுதிய ஒரு கட்டுரையைக்கூடப் படித்திருக்கிறேன். அது சரியன்று. சூழலுக்கு ஏற்பச் செயல் மாறலாம் என்கிறாரே தவிர, சொல்பவனின் விருப்பத்துக்கு ஏற்ப மாறலாம் என்று வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை. குற்றமற்ற நன்மை விளைகிறதா என்ற அளவுகோல் வெளியே நிற்கிறது. நான் பொய் சொல்ல ஆசைப்படுவதால் அது நீளவோ குறுகவோ செய்யாது. மருத்துவமனையில் வேலை செய்பவள் என்ற முறையில் இதை அடிக்கடி பார்க்கிறேன். நோயின் தீவிரத்தை எண்பது வயதுப் பாட்டியிடம் இன்றைக்கே சொல்வதா, மகன் ஊரிலிருந்து வந்தபின் சொல்வதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபடும். ஆனால் சொல்வது நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்ற காரணத்துக்காகவே மறைக்கலாம் என்று யாராவது சொன்னால், அவரே சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொள்வார்.

நெறியாளன் எழுதியது:

கடவுளை விட்டுவிட்டு அறத்துக்கு அடித்தளம் தேடினால் இப்படித்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டியிருக்கும் என்பது என் தாழ்மையான கருத்து.

திண்ணைவாசி எழுதியது:

நெறியாளன் அவர்களே, கடவுள் விரும்புவதால் ஒன்று நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால் கடவுள் அதை விரும்புகிறாரா என்று பிளேட்டோவின் சாக்ரடீசு கேட்ட கேள்வி இருக்கிறது. முன்னது உண்மையென்றால் அறம் ஒருவரின் விருப்பமாகிவிடும், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். பின்னது உண்மையென்றால் அறத்துக்கு வேறு அடித்தளம் இருக்கிறது என்றாகும். திருவிதாங்கூர் அரசர்கள் பத்மநாபனின் தாசர்களாக இருந்து அவன் பெயரால்தான் ஆண்டார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப்பாருங்கள்.

எதிர்வழக்கு, உங்கள் பதிலில் வலுவான பகுதி வரலாற்று விளக்கம் என்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாற்றம் எப்படி நடந்தது என்பதற்கு நீங்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனால் ஒரு மாணவன் கணக்கைச் சரியாகப் போட்டதற்குப் பள்ளிக்கூடமும் வீட்டில் கிடைத்த சோறும் காரணங்கள் என்று விளக்கியபின், அந்த விடை சரியா என்ற கேள்வி இல்லாமல் போய்விடுவதில்லை. அதிகாரம் எப்படிக் கைமாறியது என்பது ஒரு விசாரணை. கைமாறியது நியாயமா என்பது வேறு விசாரணை. முதலாவது முடிந்ததால் இரண்டாவதையும் மூடிவிட்டுப் போகலாம் என்பது உங்கள் வாதத்தில் நிறுவப்படவில்லை.

விக்டோரியா காலத்துக் கூச்சம் பற்றி: முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிரச்சினை கூச்சமாக மட்டும் இருந்திருந்தால் 1859-லேயே முடிந்திருக்கும். அந்த ஆணை என்ன சொன்னது? கிறித்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம், முக்குவ மீனவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், வேறு எந்த வகையிலும் மார்பை மூடிக்கொள்ளலாம். ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் அணியக் கூடாது. உடம்பு முழுவதையும் மூட அனுமதித்த பிறகும் ஒரு மடிப்பை மட்டும் மறுக்கிறது அந்த ஆணை. விக்டோரியாவின் கூச்சம் மனநிறைவு பெற்றுவிட்ட இடத்தில் அவமானம் இன்னும் மிச்சமிருக்கிறது. இரண்டும் வேறு வேறு என்பதற்கு அரசாங்கமே எழுதிக்கொடுத்த சான்று இது.

எல்லாம் வெளியிலிருந்து வந்தது என்பதும் பொருந்தாது. சமயச் சீர்திருத்தவாதி அய்யா வைகுண்டரை மறந்துவிட்டீர்கள். 1809-இல் பிறந்து 1851-இல், அதாவது அந்த ஆணைக்கு எட்டு ஆண்டு முன்பே மறைந்தவர். மிஷனரிகளையும் ஏற்காதவர், அரசனையும் ஏற்காதவர். அதற்காகத் திருவனந்தபுரத்தில் சிறையில் கிடந்தவர். எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முத்திரிக் கிணறு வெட்டச் செய்தார். தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்டிருந்தவர்களைத் தலைப்பாகையோடு வழிபட வரச் சொன்னார். அவருடைய வழிபாட்டுத் தலமான சுவாமித்தோப்புக்குப் போனால் இப்போதும் பார்க்கலாம்: ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு, தலையில் துணியை முண்டாசாகக் கட்டிக்கொண்டு, சிலைக்குப் பதிலாக வைத்திருக்கும் கண்ணாடியின் முன் நிற்கிறார்கள். திறந்த மார்பு அங்கே யாருக்கும் இழிவாகத் தெரிவதில்லை. கட்டிய தலைப்பாகை மானமாகத் தெரிகிறது. மிஷனரி அடையாளத்தைத் துணியில் தேடிக் குப்பாயத்தைக் கொடுத்தார். வைகுண்டர் வேறோர் அடையாளத்தை எடுத்தார். தொடக்கம் வேறு, சமயம் வேறு, கூச்சம் வேறு. இரண்டு பேரும் கைவைத்த காயம் ஒன்று. அந்தக் காயம் பார்ப்பவரின் விருப்பத்தால் உண்டானது என்றால் இந்த ஒற்றுமை எனக்கு விளங்கவில்லை.

கருவியின் கீழ் காட்டு என்கிறீர்கள். எதைக் கருவியின் கீழ் காட்ட முடியாதோ அதெல்லாம் இல்லாதது என்றால், 'சான்று உள்ளதையே நம்ப வேண்டும்' என்று நீங்கள் என்னிடம் வலியுறுத்துகிறீர்களே, அந்த 'வேண்டும்' எந்தக் கருவியில் தெரிகிறது? அதைக் கைவிட்டால் நாம் இருவரும் வாதிடவே முடியாது. வைத்துக்கொண்டால், கண்ணால் காண முடியாத ஒரு 'வேண்டும்' நம்மைக் கட்டுப்படுத்தும் என்பதை நீங்கள் முன்பே ஏற்றுவிட்டீர்கள். மானுடவியலாரின் அறிக்கையும் இதே இடத்தில்தான் தடுக்குகிறது: எல்லாப் பண்பாடுகளையும் மதிக்க வேண்டும் என்பது எல்லாப் பண்பாடுகளுக்கும் இட்ட கட்டளை அல்லவா? அதே சங்கம் 1999-இல் மனித உரிமைகளை ஆதரித்துப் புதிய பிரகடனம் வெளியிட்டதும் சொல்லப்பட வேண்டும்.

எதிர்வழக்கு எழுதியது:

1859 ஆணையின் அந்த நிபந்தனை வலுவான வாதம். கூச்சத்தையும் அவமானத்தையும் நான் ஒன்றாக மூட்டை கட்டியிருக்கக் கூடாதுதான். ஆனால் வைகுண்டரும் மிஷனரியும் ஒரே காயத்தைத் தொட்டது, அவமானப்படுவதை வெறுப்பது மனித இயல்பு என்பதைத்தான் காட்டுகிறது. அது எல்லோருக்கும் பொதுவான இயல்பு என்பதையும் ஏற்கிறேன். பொதுவானதும் புறவயமானதும் ஒன்றல்ல. எல்லோருக்கும் இனிப்புப் பிடிக்கும் என்பதால் இனிமை சர்க்கரையின் அறக்கடமை ஆகிவிடாது. அவமானத்தை எல்லோரும் வெறுக்கிறார்கள் என்பதிலிருந்து, பிறர் அவமானப்படுவதும் எனக்கு ஒரு காரணமாக வேண்டும் என்பது வரை இன்னும் ஒரு தாண்டல் இருக்கிறது. சான்று பற்றிய 'வேண்டும்' அப்படியன்று. அதைக் கைவிட்டால் எனக்கே நட்டம். பிறர் அவமானத்தைப் பொருட்படுத்தாத ஜமீன்தாருக்கு அப்படி ஒரு நட்டமும் இல்லை. அங்கேதான் நான் நிற்கிறேன்.

திண்ணைவாசி எழுதியது:

அந்த ஜமீன்தாரும், தன் மகளுக்கு இது நடந்தால், 'எனக்குப் பிடிக்கவில்லை' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளமாட்டார், 'அநியாயம்' என்பார். அந்தச் சொல்லைத் தன் வீட்டு வாசலோடு நிறுத்தி வைக்க அவரிடம் காரணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்பதுதான் என் தாண்டல். காரணம் இல்லாமலே நிறுத்தி வைத்துக்கொண்டு ஒருவர் சுகமாக வாழலாம் என்பதை மறுக்கவில்லை. வாழ்ந்திருக்கிறார்கள். நட்டமில்லாமல் தவறு செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. அது தவறில்லை என்பதற்கு அன்று. இதற்கு மேல் நாம் இருவரும் பழைய இடத்திலேயே மாறி மாறி நிற்போம் என்று தோன்றுகிறது.

பனைநிழல் எழுதியது:

ஐயாவுக்கும் மற்றவர்களுக்கும் நன்றி. வழக்கத்தையும் அதன் அடியில் இருக்கும் அவமானத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெளிவாகிறது. எதிர்வழக்கு சொல்லும் அந்தத் தாண்டலுக்கு எனக்கு இன்னும் முழு விடை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நடைமுறைக் கேள்வி: தேர்வில் பத்து மதிப்பெண் வினாவுக்கு 150 சொல்தான் இடம். இதையெல்லாம் அதற்குள் எப்படி அடக்குவது?

திண்ணைவாசி எழுதியது:

ஹியூம், மாக்கி, காண்ட் என்று பெயர்களை அடுக்காதீர்கள். திருத்துபவர் அன்று காலையிலிருந்து அவர்களைத்தான் படித்துக்கொண்டிருப்பார். நம்பிக்கைகள் வேறுபடுவதும் அறம் வேறுபடுவதும் ஒன்றல்ல என்று இரண்டு வரி எழுதுங்கள். பிறகு 1859 ஆணையின் அந்த ஒரு நிபந்தனையை நான்கைந்து வரிகளில் சொல்லி, மாறக்கூடியது எது, மாறாதது எது என்று காட்டுங்கள். மிச்சமிருக்கும் இடத்தில் எதிர்வழக்கின் மறுப்பை மழுப்பாமல் ஒரு வரியில் வைத்து, உங்கள் பதிலையும் வையுங்கள். முழு விடை இல்லையென்றால், எந்த அளவுக்கு இருக்கிறதோ அந்த அளவுக்கு எழுதினால் போதும்.